வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில்: பத்தாங் பெர்ஜுந்தை சிறுதோட்டக்காரர்களும் சப்ளையர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருந்தாலும் நமக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் மலேசியாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டார். நூறு ஆண்டுக்கு மேலாகக் குலை விற்கும் வட்டாரம் இது. ஆனாலும் விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் "இன்னிக்கு என்ன விலை?" என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருப்பவர்கள், குலை ஏற்றும் லோரிக்காரர்கள், தோட்டங்களுக்கு அரிவாளும் தள்ளுவண்டியும் செய்து தரும் பட்டறைக்காரர்கள் ஆகியோரின் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. கணக்குப் புத்தகத்தை மூடிய பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

நல்ல விலை கிடைத்தால் போதாதா? உறவு எதற்கு?

ஒரே ஒரு தடவை விற்பதென்றால் விலை போதும். செம்பனை மரம் 25 ஆண்டு நிற்கிறது, குலை மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வெட்டுகிறோம். அத்தனை தடவையும் ஏறக்குறைய அதே ஆட்களிடம்தான் போகிறோம். நாளைக்கும் இவரைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு இரண்டு பக்கமும் இருந்தால் இன்றைக்கு ஏமாற்றுவதில் லாபம் குறைந்துவிடும்.

அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. வேலையை எப்படி மேம்படுத்தலாம் என்று நன்றாகத் தெரிந்தவர் பெரும்பாலும் விற்பவர்தான். மரத்தடியில் நிற்பவருக்குத் தெரிவது ஆலை மேனேஜருக்குத் தெரியாது. அந்த அறிவை அவர் வெளியே கொண்டு வருவாரா, வாயை மூடிக்கொண்டிருப்பாரா என்பது ஒரே விஷயத்தைப் பொறுத்தது. அதனால் வரும் பலனில் தனக்கும் பங்கு உண்டு என்று அவர் நம்ப வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

நான் பழுத்த குலையாகப் பார்த்து வெட்டுகிறேன். பக்கத்து நிலத்துக்காரர் காயையும் சேர்த்து வெட்டுகிறார். இருவருக்கும் ஒரே விலை. ஏன்?

இந்த ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கோபம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். குலையின் விலை அதிலிருந்து எத்தனை விழுக்காடு எண்ணெய் கிடைக்கும் என்பதை வைத்து வருகிறது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஒரு விழுக்காட்டு எண்ணெய்க்கு இவ்வளவு என்று வட்டார வாரியாக விலை வெளியிடுகிறது. ஒரு பேச்சுக்கு அது 40 ரிங்கிட் என்று வையுங்கள். 18 விழுக்காடு எண்ணெய் தரும் குலைக்கு டன்னுக்கு 720 ரிங்கிட், 20 விழுக்காட்டுக் குலைக்கு 800. டன்னுக்கு 80 ரிங்கிட் வித்தியாசம். நாட்டின் சராசரி 20 விழுக்காட்டை ஒட்டியே பல ஆண்டுகளாக நிற்கிறது.

அந்த 80 ரிங்கிட் எங்கே போகிறது? ரேம்ப் என்பது குலைகளை வாங்கிச் சேர்த்து ஆலைக்கு அனுப்பும் இடம். நீங்கள் ரேம்பில் இறக்கும் குலை அங்கேயே மற்ற எல்லாருடைய குலையோடும் கலந்துவிடுகிறது. லோரி ஆலைக்குப் போய்ச் சேரும்போது எது யாருடையது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆலையில் தரம் பார்க்கும் கிரேடர் கலவையைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுகிறார், அதே சராசரி ரேம்புக்கும் அங்கிருந்து உங்களுக்கும் வருகிறது. நீங்கள் 10 நாளுக்கு ஒரு சுற்று வெட்டி, உதிர்ந்த பழத்தையும் குனிந்து பொறுக்கி, காம்பைக் குட்டையாக நறுக்கிக் கொடுக்கிறீர்கள். கூலி உங்கள் கையிலிருந்து போகிறது, பலன் ஊருக்குப் பிரிகிறது. இந்த நிலையில் யாரும் நல்ல குலை வெட்ட மாட்டார்கள். ஆட்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. அளக்கிற முறையே அப்படி அமைந்துவிட்டது.

குலை குறைந்து ஆலைகள் பாதி நேரம் சும்மா நிற்கும் மாதங்களில் இது இன்னும் மோசம். அப்போது ஆலைக்கு எந்தக் குலையாக இருந்தாலும் சரி, இயந்திரம் ஓடினால் போதும். கிரேடர் கண்டிப்பாக இருந்தால் லோரி அடுத்த ஆலைக்குத் திரும்பிவிடும்.

என்ன செய்யலாம்? தரத்தில் ஒத்துப்போகும் ஏழெட்டுப் பேர் ஒரே நாளில் வெட்டி, வேறு யாருடைய குலையும் கலக்காமல் ஒரு லோரி நிரப்புங்கள். அது நேராக ஆலைக்குப் போகட்டும். எடைச்சீட்டும் கிரேடிங் சீட்டும் உங்கள் குழுவின் பெயரில் வரட்டும். வாரியத்தின் கிரேடிங் கையேடு பழுத்த குலைக்குச் சொல்லும் அடையாளம் எளிது: குறைந்தது 10 பழமாவது உதிர்ந்த தடம் தெரிய வேண்டும். அதை உங்கள் குழுவுக்குள் கண்டிப்பான விதியாக வையுங்கள். மூன்று மாதச் சீட்டுகள் கையில் இருந்தால் ஆலையோடு பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். வெறும் கையோடு போய் "எங்கள் குலை நல்ல குலை" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ரேம்ப் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) முன்பணம் வாங்கியிருக்கிறேன். அதனால் அவரிடமே விற்க வேண்டியிருக்கிறது. இது தப்பா?

தப்பு இல்லை. உரம் வாங்கவும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் வங்கி தராத கடனை அவர் தருகிறார். நேரத்துக்கு லோரி அனுப்புகிறார். அதுவும் ஒரு சேவைதான், அதற்கு விலை உண்டு.

அந்த விலை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். கடன் தனியாகவும் குலை விலை தனியாகவும் எழுதப்பட வேண்டும். டன்னுக்கு எவ்வளவு கழிக்கிறார், அதில் ஏற்றுக்கூலி எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான தவுக்கேக்கள் சொல்லிவிடுவார்கள். சொல்ல மறுப்பவரிடம் அடுத்த கடனை வாங்காதீர்கள்.

ஆலை தன் சொந்த வகை பின்னுக்கு (குலை ஏற்றும் பெரிய தொட்டிக்கு) மட்டும் பொருந்தும் லோரி வாங்கச் சொல்கிறது. ஓராண்டு ஒப்பந்தம் தருகிறதாம். வாங்கலாமா?

ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டுத் தவணையில் லோரி வாங்காதீர்கள்.

லோரி வாங்குவதற்கு முந்தின நாள் உங்களுக்கு நாலு வழி இருக்கிறது. வாங்கிய மறுநாள் ஒரே வழிதான். அந்த லோரி வேறு எந்த ஆலைக்கும் பயன்படாது என்பது ஆலைக்கும் தெரியும். முதலாண்டு முடிந்ததும் "டன்னுக்கு இரண்டு ரிங்கிட் குறைச்சுக்கோங்க" என்பார்கள். தவணை கட்ட வேண்டுமே என்று தலையாட்டுவீர்கள். பொருளியல் அறிஞர் ஆலிவர் வில்லியம்சன் இந்த மாட்டிக்கொள்ளும் நிலையைத்தான் ஆயுள் முழுக்க ஆராய்ந்தார், 2009-இல் நோபல் பரிசும் பெற்றார். ஒருவருக்காக மட்டும் போடும் முதலீடு, போட்டவரைப் பலவீனமாக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இதில் ஆலைக்கும் நஷ்டம் உண்டு. மாட்டிக்கொள்வோம் என்று பயந்தால் ஒருவரும் அந்த லோரியை வாங்க மாட்டார்கள். பழைய லோரியிலேயே குலை ஏறும், இறங்கும், அடிபடும். அடிபட்ட குலையில் கொழுப்பு அமிலம் வேகமாக ஏறுகிறது. கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் சுத்திகரிப்பு ஆலை விலையைக் குறைக்கும். ஆக நல்ல லோரி ஆலைக்கும் தேவை. அதனால் ஆலையிடம் தைரியமாகக் கேளுங்கள். ஒப்பந்த காலமும் தவணைக் காலமும் ஒன்றாக இருக்கட்டும். அது முடியாதென்றால் மாதத்துக்குக் குறைந்தபட்ச டன் உறுதியாக வேண்டும், குறைந்தால் வித்தியாசத்துக்குப் பணம் வேண்டும். அதுவும் முடியாதென்றால் பின்களை ஆலையே வாங்கட்டும், நீங்கள் லோரியை மட்டும் வாங்குங்கள். இரண்டு பேர் பணமும் உள்ளே இருந்தால் இரண்டு பேருக்கும் உறவை முறிக்க மனம் வராது.

டீசல் விலை ஏறினால் கூலி எப்படி மாறும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

எங்கள் பட்டறையில் புது மாதிரித் தள்ளுவண்டி ஒன்று செய்தோம். தோட்ட நிர்வாகத்திடம் காட்டினால் வரைபடத்தை வாங்கி வேறு பட்டறையில் மலிவாகச் செய்துகொள்வார்களே?

இப்படி நடந்ததுண்டு, அதுவும் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில். 1992-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் கொள்முதல் பொறுப்புக்கு ஹோஸே இக்னாசியோ லோப்பஸ் என்பவர் வந்தார். இருந்த ஒப்பந்தங்களைக் கிழித்துவிட்டு விலையை மறுபடி மறுபடி குறைக்கச் சொன்னார். ஒரு சப்ளையரின் வடிவமைப்பைப் போட்டியாளரிடம் காட்டி மலிவாகக் கேட்டார்கள் என்று சப்ளையர்கள் குற்றம் சாட்டினார்கள். கம்பெனிக்கு அந்த நேரத்தில் நிறையப் பணம் மிச்சமானது. 1993-இல் அவர் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார். கசப்பு மட்டும் பின்னால் தங்கிவிட்டது. புதிய தொழில்நுட்பம் கைக்கு வந்தால் அதை முதலில் வேறு கம்பெனிக்குக் காட்டும் பழக்கம் பல சப்ளையர்களிடம் வந்தது.

அதே நாட்டில், அதே காலத்தில் கிரைஸ்லர் கம்பெனி வேறு வழியில் போனது. ஸ்கோர் என்ற திட்டம் வைத்தார்கள். சப்ளையர் செலவைக் குறைக்க ஒரு யோசனை சொன்னால், மிச்சமாகும் பணத்தை அவரும் பகிர்ந்துகொள்ளலாம். யோசனைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. 1998-இல் கிரைஸ்லர் டைம்லரோடு இணைந்தது. 2000 முடிவில் நஷ்டம் வந்ததும் எல்லாச் சப்ளையரும் விலையை 5 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று புது நிர்வாகம் உத்தரவு போட்டது. பத்தாண்டாகச் சேர்த்த நல்ல பெயர் ஒரு கடிதத்தில் அடிபட்டது. நம்பிக்கை ஒரு தலைவரின் குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஆள் மாறியதும் விழும். அதனால்தான் பங்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

உங்கள் தள்ளுவண்டிக்கு வருவோம். வரைபடத்தைக் கொடுக்காதீர்கள், வண்டியையே கொடுங்கள். ஒரு டிவிஷனில் இரண்டு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை குலை கூடுதலாகத் தள்ளினார் என்ற கணக்கை நீங்களும் தோட்டத்துக் கிராணியும் (எழுத்தரும்) சேர்ந்து எழுதுங்கள். பலன் தெரிந்தால் முதல் ஓராண்டுக்கு வேண்டிய வண்டிகளை உங்களிடமே வாங்குவதாக ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். வடிவம் உண்மையிலேயே புதிது என்றால், வெளியில் காட்டும் முன்பே மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ-வில் பதிவு பற்றி விசாரியுங்கள். காட்டிய பிறகு போனால் உரிமை கைநழுவலாம்.

பேச்சுக்குப் பேச்சு டொயோட்டா, டொயோட்டா என்கிறார்களே, அப்படி என்ன செய்தார்கள்?

1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானில் ஐசின் செய்கி என்ற சப்ளையரின் தொழிற்சாலை எரிந்தது. பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வை டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுக்க அவர்கள்தான் செய்து வந்தார்கள். டொயோட்டா கையில் மிகக் கொஞ்சமாகவே இருப்பு வைத்துக்கொள்ளும் கம்பெனி. கார் உற்பத்தி நின்றது.

ஐசின் தன் வரைபடங்களை மற்றவர்களுக்குத் திறந்து கொடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அந்த வால்வைச் செய்ய உட்கார்ந்தன. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் கம்பெனிகூட அதில் சேர்ந்தது. எவ்வளவு கொடுப்பீர்கள் என்று யாரும் முதலில் பேரம் பேசவில்லை. சில நாட்களில் கார்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

டொயோட்டா சப்ளையரிடம் தாராளமாகப் பணம் கொடுக்கும் கம்பெனி என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்லும் கறார் பேர்வழிகள். ஆனால் எப்படிக் குறைப்பது என்று தங்கள் ஆட்களை அனுப்பிச் சொல்லிக் கொடுப்பார்கள். 1940-களிலேயே சப்ளையர்களுக்கென்று சங்கம் வைத்து, ஒரு சப்ளையர் கற்றதை மற்றவரும் கற்க வழி செய்தார்கள். கண்டிப்பும் ஒத்துழைப்பும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கார் கதை சரி. நம் தொழிலில் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

இரண்டு சொல்கிறேன்.

முதலாவது ஒரு வண்டு. 1980-க்கு முன்னால் தோட்டத்தில் வேலை செய்த பாட்டிமார்களைக் கேளுங்கள். செம்பனைப் பூவுக்கு மகரந்தப் பொடியைக் கையால் தூவிய வேலையைச் சொல்வார்கள். இங்கே காற்றை நம்பினால் காய் சரியாகப் பிடிக்கவில்லை. ஆப்பிரிக்காவின் கேமரூனில் கையால் தூவாமலே நன்றாகப் பிடித்ததைக் கவனித்தவர் யூனிலீவர் தோட்டங்களில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன். பூச்சியியல் அறிஞர் சையத் அங்கே போய் ஆராய்ந்து, ஒரு சின்ன வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டார். பாதுகாப்புச் சோதனைகள் முடிந்து 1981-இல் ஜொகூரில் அதைப் பறக்கவிட்டார்கள். நாடு முழுக்கப் பரவியது, கைத்தூவலும் நின்றது.

இதில் யூனிலீவர் எண்ணெய் வாங்கி சோப்பும் மார்ஜரினும் செய்த கம்பெனி, தோட்டமும் வைத்திருந்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே வீட்டில் இருந்ததால் பல ஆண்டு கழித்து வரும் பலனுக்குச் செலவழிக்க மனம் வந்தது. இன்னொன்றும் கவனியுங்கள். வண்டு வந்த பின் குலையில் பருப்பின் அளவு கூடியது, ஆலைகள் பருப்புக்கான வசதியைக் கூட்ட வேண்டியிருந்தது. தோட்டத்தில் நடக்கும் மாற்றம் ஆலைக்குள்ளும் வந்து நிற்கும்.

இரண்டாவது கித்தா. ரப்பர் ஷீட்டை அந்தக் காலத்தில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம் பார்த்து, கண்ணால் தரம் பிரித்தார்கள். டயர் கம்பெனிகளுக்கு அது போதவில்லை. உள்ளே எவ்வளவு அழுக்கு என்று தெரிய வேண்டியிருந்தது, செயற்கை ரப்பரும் போட்டிக்கு வந்துவிட்டது. 1965-இல் எஸ்.எம்.ஆர் என்ற தர முறை வந்தது. ரப்பரைச் சோதனைக்கூடத்தில் அளந்து, 33.3 கிலோ கட்டியாக அழுத்தி, பிளாஸ்டிக்கில் சுற்றித் தரத்தை எழுதி அனுப்பினார்கள். வாங்குபவர் பார்க்காமலே நம்பி வாங்க முடிந்தது. ஆனால் அந்த அளவை முறை ஆலை வாசலோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. கட்டிப்பால் விற்கும் சிறு ஆட்களிடம் உலர் ரப்பர் எவ்வளவு என்பதை இன்றும் பல இடங்களில் டீலர் கையால் அழுத்திப் பார்த்துத்தான் சொல்கிறார். அதனால் சுத்தமாகப் பால் எடுக்கும் ஆர்வம் கீழே வரவே இல்லை. குலையில் பார்த்த அதே கதை.

ஒரே ஆலையோடு இருபது வருடப் பழக்கம். அப்படியே இருந்துவிடலாமா?

பழக்கம் நல்லது. ஆனால் எல்லாக் குலையும் ஒரே இடத்துக்கு என்று இருக்க வேண்டாம். பிரையன் உசி என்ற ஆய்வாளர் நியூயார்க்கின் ஆடைத் தொழிலைப் பார்த்து 1997-இல் எழுதினார். நெருங்கிய உறவு உள்ள கடைகள் பிழைத்தன, நெருங்கிய உறவு மட்டுமே உள்ளவை தடுமாறின. பெரிய வாடிக்கையாளர் கை கழுவினால் போக இடமில்லை, புதுச் செய்தியும் காதில் விழாது. சிறு பங்கையாவது இரண்டாவது இடத்துக்கு அனுப்புங்கள். அதை மறைக்காதீர்கள்.

நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே விலை கேட்டால் என்ன?

கவனம். போட்டியாளர்கள் கூடி விலை முடிவு செய்வதைத் தடுக்கும் போட்டித்தன்மைச் சட்டம் 2010, நடைமுறைக்கு வந்தது 2012 ஜனவரியில். அதே ஆண்டு கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கம் பூ விலையை 10 விழுக்காடு ஏற்றுவதென்று கூடி முடிவெடுத்தது. போட்டித்தன்மை ஆணையம் அது சட்டமீறல் என்றது. நம்மைப் போன்ற ஆட்கள்தான் அவர்களும்.

கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து, குலையைச் சங்கமே வாங்கி விற்பது வேறு. செம்பனை வாரியமே சிறுதோட்டக்காரர்களைக் கே.பி.எஸ்.எம் என்ற கூட்டுறவுகளாகச் சேர்த்திருக்கிறது. அவற்றில் குலை வாங்கி விற்பவையும் உண்டு. கூட்டுறவு நமக்குப் பழக்கமான வழிதான். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து பாட்டாளிகள் துரத்தப்பட்ட காலத்தில், 1960-இல் மலேசிய இந்தியர் தலைவரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டப் பாட்டாளிகள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் போட்ட பணம் தோட்டங்களை வாங்கியது. ஏழெட்டுப் பேரில் தொடங்கும் குலைக்குழு அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு லோரி, ஒரு சீட்டு, ஒரு கணக்குப் புத்தகம் போதும். சங்கமாகப் பதியும்போது சட்டம் தெரிந்தவரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எம்.எஸ்.பி.ஓ, ஐரோப்பியச் சட்டம் என்று காகிதம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு என்ன லாபம்?

எம்.எஸ்.பி.ஓ என்பது மலேசியாவின் நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ். 2020 ஜனவரி முதல் கட்டாயம், அதில் பேச்சுக்கு இடமில்லை. 40.46 ஹெக்டேருக்குக் குறைவான நிலம் உள்ள தனியார் சிறுதோட்டக்காரர்களை வாரியம் குழுவாகச் சேர்த்துச் சான்றிதழ் எடுக்க உதவுகிறது. தனியாக அலைய வேண்டாம். டுனாஸ் என்ற வாரியத்தின் ஆலோசனை அதிகாரியைப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டம், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்து எண்ணெய் வேண்டாம் என்கிறது. அமலாக்கம் தள்ளிப்போனாலும் எங்கிருந்து வந்த குலை என்று நிலத்தின் இடக்குறிப்போடு காட்டச் சொல்கிறது. அந்தத் தகவல் ஆலையிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. அதைச் சும்மா கொடுக்காதீர்கள். எல்லையளந்து தருகிறோம், பதிலுக்கு எங்கள் குழுவுக்குத் தனிக் கிரேடிங் சீட்டு வேண்டும் என்று கேளுங்கள். இப்படிக் கேட்க நல்ல வாய்ப்பு அடிக்கடி வராது.

பணம் 90 நாள் கழித்துத்தான் வருகிறது. கேட்டால் உறவு கெடுமா?

கெடாது. உங்கள் பணத்தை வட்டியில்லாமல் வைத்திருப்பது உறவாகாது. 30 நாளில் தந்தால் விலையில் சிறு தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முறை சொல்லியும் நகரவில்லை என்றால் அடுத்த லோடைக் குறையுங்கள்.

இருபது வருடம் வாய்ப்பேச்சிலேயே ஓட்டிவிட்டோம். இப்போது போய் எழுத்தில் கேட்டால் நம்பவில்லை என்று நினைக்க மாட்டாரா?

சந்தேகப்பட்டு எழுதுவதில்லை, மறந்துபோகும் என்பதால் எழுதுகிறோம் என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் நாளை ஓய்வு பெறுவார், மகன் வந்து உட்காருவான். அவனுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது.

நீளமாக எழுத வேண்டாம். எடை எங்கே போடுவது, தரத்தை யார் பார்ப்பது, தகராறு வந்தால் எந்தச் சீட்டு செல்லும், பணம் எத்தனை நாளில், புது முறையால் மிச்சமானால் யாருக்கு எவ்வளவு. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். மலாயில் எழுதினால் இரு தரப்புக்கும் வசதி. கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் நீதிமன்றத்தில் அந்தக் காகிதத்தை ஆதாரமாக வைப்பதில் சிக்கல் வரும்.